பழைய ஜிப்ஸியைத் தூக்குவது: எவ்வளவு போதும், எதைக் கொண்டு தூக்குவது?

காப்பிக்காடு
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி கிங். 1300 சி.சி., கார்புரேட்டர் வண்டி. தாண்டிக்குடிக்கு மேலே எங்களுக்குச் சிறிய காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலை முடிந்த இடத்திலிருந்து தோட்டம் வரை மண்பாதைதான். ஐப்பசி மழையில் டிராக்டர் போய்ப் போய் இரண்டு பக்கமும் தடம் ஆழமாகி, நடுவில் மேடு நின்றுவிடுகிறது. அந்த மேட்டில் வண்டியின் அடி உரசுகிறது. பின்னால் உரமூட்டை ஏற்றினால் டயர் மட்கார்டைத் தொடுகிறது.

ஒரு கடையில் விசாரித்தேன். "ஐந்து அங்குலம் தூக்கி, 31 அங்குல டயர் போட்டுத் தருகிறேன்" என்றார்கள். எனக்கு அது வேண்டாம். எழுபது வயது அம்மா ஏறி இறங்கும் வண்டி இது. ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம் உயர்ந்தால் போதும் என்று நினைக்கிறேன். நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையை வண்டிச் சட்டமான சேசிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போடலாமா, கூடுதலாக ஒரு பட்டை சேர்க்கலாமா, புது ஸ்பிரிங் செட்டே வாங்கிவிடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேற்றுக்குதிரை
தூக்குவதென்றால் ஒரே முறையில் தூக்கிவிடுங்கள் அண்ணா. இரண்டு அங்குலத்துக்குச் செலவழித்துவிட்டு ஆறு மாதத்தில் மறுபடியும் கழற்றுவதில் பொருள் இல்லை. ஜிப்ஸியில் ஆக்சிலுக்கு அடியில் பட்டை இருக்கிறது. அதை ஆக்சிலுக்கு மேலே மாற்றி வைத்தாலே ஐந்து அங்குலத்துக்கு மேல் கிடைக்கும். புதுப் பட்டைகூட வாங்க வேண்டாம், வெல்டிங் வேலைதான்.

பட்டறைவாசி
காப்பிக்காடு ஐயா, எவ்வளவு தூக்குவது என்பதைப் பிறகு பார்ப்போம். முதலில் எது உரசுகிறது என்று பாருங்கள். "அடி" என்பது ஒரு பாகத்தின் பெயர் இல்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஒரு கோணியை விரித்துப் படுத்துப் பாருங்கள். துரு இல்லாமல் எந்த இரும்பு பளபளக்கிறதோ அதுதான் உரசும் இடம். அந்த இடம் தெரியாமல் ஸ்பிரிங் வாங்குவது பல்வலிக்குக் கண்ணாடி வாங்குவது போன்றது.

அப்படியே இன்னும் சில அளவுகள் வேண்டும். நான்கு சக்கரத்திலும், வீல் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் தேய்ந்திருந்தாலும் காற்று குறைந்திருந்தாலும் அந்த அளவு ஏமாற்றும். பிறகு பக்கவாட்டில் நின்று மெயின் பட்டையின் வடிவத்தைப் பாருங்கள். நடு தாழ்ந்து கிண்ணம் போல வளைந்திருக்கிறதா, நேராகப் படுத்துவிட்டதா, எதிர்ப்பக்கம் வளைந்துவிட்டதா? ஆக்சிலுக்கும் அது மேலே வந்து இடிக்காமல் தடுக்கச் சேசிஸில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பருக்கும் இடையே எத்தனை விரல் போகிறது என்றும் பாருங்கள்.

சேற்றுக்குதிரை தம்பிக்கு: பட்டையை ஆக்சிலுக்கு மேலே ஏற்றினால் உயரம் கிடைக்கும் என்பது உண்மை. கூடவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க் சாய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பிரேக் பிடிக்கும்போது ஆக்சில் முறுக்கிக்கொள்ளும். ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராபெல்லர் ஷாஃப்டின் கோணம் கெடும். அத்தனையையும் சரிசெய்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. உரமூட்டையும் அம்மாவும் ஏறும் வண்டிக்கு அது எதற்கு என்பதுதான் என் கேள்வி.

ஏலமலை
போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் ஜிப்ஸி வைத்திருக்கிறேன். ராணுவ ஏலத்தில் எடுத்த வண்டி, இரண்டாம் கை. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் முன்னும் பின்னும் நீள ஷேக்கிள் போட்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. போடியிலிருந்து தேனிக்குச் சமதளத்தில் எழுபதில் போனால் வண்டி ரோட்டைத் தேடிக்கொண்டே போகும். ஸ்டியரிங்கை விட்டுப் பிடிக்கவே முடியாது.

காரணம் எளிது. ஜிப்ஸியின் முன்பட்டையில் ஷேக்கிள் இருப்பது முன்முனையில். பின்முனை சேசிஸில் நிலையாக இருக்கிறது. ஷேக்கிளை நீட்டினால் பட்டையின் முன்முனை மட்டும் கீழே இறங்குகிறது. அதோடு ஆக்சில் முன்பக்கமாகக் கவிழ்கிறது. சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கேஸ்டர் கோணம் அதனால் குறைந்துவிடுகிறது. சக்கரம் தானாக நேராவதற்கு அந்தக் கோணம்தான் காரணம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி உயர்வது ஓர் அங்குலம்தான். ஒருமுனை மட்டும் இறங்குவதால் நடுவில் பாதிதான் கிடைக்கும். இரண்டு அங்குலம் வேண்டுமென்றால் நான்கு அங்குலம் நீட்ட வேண்டும். அப்படி நீண்ட ஷேக்கிள் பக்கவாட்டில் ஆடும். திருப்பத்தில் உடம்பு ஒரு பக்கமும் ஆக்சில் ஒரு பக்கமும் போவது தெரியும்.

நான் பழைய அளவு ஷேக்கிளையே மறுபடியும் போட்டுவிட்டேன். உயரம் குறைந்தது, நிம்மதி வந்தது.

சேற்றுக்குதிரை
கேஸ்டர் குறைந்தால் ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்புத் தகடு வைத்துச் சரிசெய்யலாமே?

ஏலமலை
வைக்கலாம். முன் ஆக்சிலைப் பின்னோக்கிச் சாய்த்தால் கேஸ்டர் திரும்பும். கூடவே ஆக்சிலில் உள்ள கியர் உருண்டையான டிஃபரன்ஷியலின் மூக்கும் கீழே குனியும். முன் ஷாஃப்டின் மூட்டான கிராஸ் அதிகக் கோணத்தில் வேலை செய்யும். ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான். இரண்டு டிகிரிக்குள் என்றால் தாங்கும். ஒல்லியான அலுமினிய ஆப்பு வேண்டாம், நாளடைவில் நசுங்கி உடையும். இரும்பிலேயே வாங்குங்கள்.

பெட்ரோல் தாத்தா
இந்த வண்டியின் பிறப்பு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சுசுகி எஸ்.ஜே. 410-இன் நீள உருவம்தான் நமக்கு 1985 கடைசியில் ஜிப்ஸியாக வந்தது. அப்போது 970 சி.சி. 1993-இல் இரண்டு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை 90 மி.மீ. கூட்டினார்கள். 1996-இல் 1300 சி.சி. இன்ஜின் வந்தது, 2000-இல் அதே இன்ஜின் 16 வால்வாகி 80 குதிரைத்திறன் ஆனது. பட்டை ஸ்பிரிங் மட்டும் கடைசி வண்டி வரை மாறவே இல்லை.

அமெரிக்காவில் இதே குடும்பத்து வண்டிக்கு சாமுராய் என்று பெயர். 1988-இல் அங்கே ஒரு நுகர்வோர் பத்திரிகை, திடீரென்று விலகித் திருப்பும்போது கவிழ வாய்ப்புள்ள வண்டி என்று எழுதிவிட்டது. சுசுகி 1996-இல் வழக்குப் போட்டு, 2004-இல் சமரசமாகத்தான் முடிந்தது. யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அகலம் குறைந்து உயரம் கூடிய வண்டிக்கு ஒவ்வோர் அங்குலமும் கணக்கில் வரும். நம் ஜிப்ஸி அந்த சாமுராயைவிட நீளம்; 2375 மி.மீ. வீல்பேஸ். அகலத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மலையிறக்கத்தில் கூரைமேல் மூட்டை கட்டுகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

காப்பிக்காடு
நன்றி. சொன்னபடியே கோணி விரித்துப் படுத்துப் பார்த்தேன்.

பளபளக்கும் இடங்கள் மூன்று. பின் டிஃபரன்ஷியல் உருண்டையின் அடிப்பகுதி ஒன்று. ஆக்சிலுக்கு அடியில் பட்டையைப் பிடித்திருக்கும் தட்டும் யூ போல்ட் நட்டுகளும் இன்னொன்று. நட்டுக்குக் கீழே நீண்டிருக்கும் மரையெல்லாம் கல்லில் தேய்ந்து மழுங்கிவிட்டது, ஒரு நட்டில் ஸ்பானரே பிடிக்கவில்லை. மூன்றாவது, நடுவில், முன் பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேசுக்குக் கீழே இருக்கும் காப்புத் தகடு.

வீல் நடுவிலிருந்து மட்கார்டு வரை அளந்தேன். முன்னால் இடதுபக்கத்தைவிட வலதுபக்கம் 22 மி.மீ. குறைவு. பின்னால் 15 மி.மீ. குறைவு. பின்பட்டை வெறும் வண்டியிலேயே ஏறக்குறைய நேராகப் படுத்துவிட்டது. வலது பின்பக்க பம்ப் ஸ்டாப்புக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் இரண்டு விரல்தான் நுழைகிறது.

பட்டறைவாசி
இப்போது பேசலாம். உங்கள் வண்டிக்கு லிஃப்ட் தேவைப்படுவதற்கு முன்னால், இழந்த உயரம் திரும்ப வர வேண்டும். பட்டை வெறும் வண்டியிலேயே நேராகிவிட்டது என்றால் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று பொருள். ஓட்டுநர் பக்கம் அதிகம் தாழ்ந்திருப்பது வழக்கமானதுதான். இருபத்தைந்து வருடமாக அந்தப் பக்கம் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்கிறாரே. புதிதாகக் கம்பெனி அளவு செட் போட்டாலே, நீங்கள் கேட்கும் இரண்டு அங்குலத்தில் ஒரு நல்ல பங்கு கிடைத்துவிடும். மட்கார்டில் டயர் தொடுவதும் நின்றுவிடும்.

அடுத்தது முக்கியம். நீங்கள் சொன்ன மூன்று இடங்களில் முதல் இரண்டும் ஸ்பிரிங்கால் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. டிஃபரன்ஷியலும் யூ போல்ட் தட்டும் ஆக்சிலோடு சேர்ந்தவை. ஆக்சில் நிற்பது டயர்மேல். ஜிப்ஸிக்குக் கம்பெனி சொல்லும் 210 மி.மீ. தரையிடைவெளி அந்த உருண்டைக்குக் கீழே இருப்பதுதான். பத்து அங்குலம் தூக்கினாலும் அது 210 ஆகவே இருக்கும். ஸ்பிரிங் உயர்த்துவது சேசிஸையும் அதற்கு மேலுள்ளவற்றையும் மட்டும். உங்கள் பட்டியலில் அந்தக் கணக்கில் வருவது மூன்றாவது இடம் ஒன்றுதான்.

ஏலமலை
டயர் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். கிங் வண்டிக்கு 205/70 ஆர் 15. அதன் விட்டம் 668 மி.மீ. 215/75 ஆர் 15 போட்டால் விட்டம் 703 மி.மீ. சொச்சம். பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், ஆக டிஃபரன்ஷியல் 18 மி.மீ. அளவுக்கு உயரும். மீட்டரில் 60 காட்டும்போது உண்மையில் 63-இல் போவீர்கள். இன்ஜின் இதைத் தாங்கும். இரண்டாம் கியரில் ஏறிய ஒன்றிரண்டு வளைவில் முதல் கியர் கேட்கும், அவ்வளவுதான்.

235/75 போட்டால் 33 மி.மீ. கிடைக்கும். ஆனால் மீட்டர் ஏறக்குறைய பத்து விழுக்காடு பொய் சொல்லும். கார்புரேட்டர் வண்டி மலையேற்றத்தில் திணறும். திருப்பும்போது பட்டையிலோ மட்கார்டிலோ உரசவும் செய்யும். எடை கூடுவதால் பிரேக்கும் மந்தமாகும். உங்களுக்கு 215/75 போதும்.

சட்டப்பை
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐயும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. உங்கள் வண்டி 15 வருடம் தாண்டியது; ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்தியே ஆக வேண்டும். கம்பெனி உயரத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது பழுதுபார்ப்பு. யாரும் கேள்வி கேட்க முடியாது. ஆக்சிலில் வெல்டிங் வைத்து ஐந்து அங்குலம் தூக்கினால் அது மாற்றம். விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் தேடுவதும் அதைத்தான்.

சேற்றுக்குதிரை
ஊரில் பாதி ஜிப்ஸி தூக்கித்தான் ஓடுகிறது. யார் பிடிக்கிறார்கள்?

சட்டப்பை
பிடிக்காத வரை யாரும் பிடிப்பதில்லைதான். இழப்பீட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் வண்டியின் படத்தை நீட்டும்போது அந்த வாதம் எடுபடாது.

காப்பிக்காடு
என் வழி ஓரளவு தெளிந்துவிட்டது. இன்னும் ஒரு சந்தேகம். பழைய பட்டைகளையே வளைவு ஏற்றி, ஒன்று கூடுதலாகச் சேர்த்தால் பாதிச் செலவில் முடியும் என்று வத்தலக்குண்டில் ஒருவர் சொல்கிறார். அதைச் செய்யலாமா? ஆஸ்திரேலியாவிலிருந்து செட் வரவழைக்கலாம் என்றும் கேள்விப்பட்டேன்.

பட்டறைவாசி
என் தொழிலே அதுதான், அதனால் பொய் சொல்லாமல் சொல்கிறேன். பட்டையை வளைப்பதில் இரண்டு விதம் இருக்கிறது. உலையில் காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் தோய்த்து, மறுபடியும் அளவாகச் சூடுகாட்டி எடுப்பது ஒன்று. குளிர்ந்த பட்டையைப் பட்டறைக்கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தே வளைப்பது மற்றொன்று. இரண்டாவது மலிவு. ஆனால் சுமை ஏறியதும் பழைய வடிவத்துக்கே திரும்ப ஆரம்பிக்கும். முதலாவதை ஒழுங்காகச் செய்கிற இடம் இருந்தால் நல்லதுதான். இருபத்தைந்து வருடம் வளைந்து நிமிர்ந்த இரும்பில் நுண்விரிசல் இருந்தால் எந்த உலையும் அதை மூடாது. முனையில் துருப்பள்ளம் விழுந்த பட்டை, சென்டர் போல்ட் துளையிலிருந்து கோடு கிளம்பிய பட்டை இரண்டையும் அரிவாள் அடிப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கூடுதல் பட்டை சேர்த்தால் உயரத்தோடு விறைப்பும் சேர்ந்தே வரும். ஜிப்ஸி ஏற்கெனவே முதுகெலும்பை எண்ணிக் காட்டும் வண்டி. எப்போதும் முந்நூறு கிலோ ஏற்றுகிறவருக்குச் சரி. அம்மா உட்காரும் நாளில் மூட்டை இருக்காது, நினைவிருக்கட்டும். வேண்டுமானால் பின்னால் மட்டும் ஒரு மெல்லிய பட்டை சேர்த்துக்கொள்ளுங்கள், முன்னால் தொடாதீர்கள்.

ஆஸ்திரேலியாவில் இதே குடும்பத்து வண்டி சியரா என்ற பெயரில் ஓடியது. ஓல்ட் மேன் ஈமு போன்றவர்கள் அதற்குச் செட் செய்திருக்கிறார்கள், தரமான சரக்கு. கண் (பட்டை முனையின் வளையம்) முதல் கண் வரை நீளம், பட்டையின் அகலம், கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் விட்டம், சென்டர் போல்ட் இருக்கும் இடம் ஆகிய நான்கையும் உங்கள் பட்டையில் அளந்து ஒப்பிட்ட பிறகே பணம் அனுப்புங்கள். குட்டை வீல்பேஸ் வண்டிக்கும் நம் நீள வண்டிக்கும் பாகங்கள் ஒன்றென்று எண்ணி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

என் யோசனை: முன்னால் கம்பெனி அளவுப் புது செட். பின்னால் அதே செட், வளைவை மட்டும் 20 மி.மீ. கூட்டிச் செய்து வாங்குங்கள். ஷேக்கிள் பழைய நீளமே, புதுப் பின்னுடன். யூ போல்ட் கட்டாயம் புதிது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் நீண்டுவிடும், அதை மறுபடியும் போடுவது கஞ்சத்தனம் அல்ல, ஆபத்து.

பெட்ரோல் தாத்தா
இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புஷ் இறுக்கும் முறையைப் பல இடங்களில் தவறாகச் செய்கிறார்கள். வண்டியை ஜாக்கியில் தொங்கவிட்டபடியே ஷேக்கிள் போல்ட்டை முழுதாக இறுக்கிவிடுவார்கள். கீழே இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். வண்டி சில நாள் உயரமாக, விறைப்பாக நிற்கும். பார்க்கிறவர் "நல்ல லிஃப்ட்" என்பார். பிறகு புஷ் கிழிந்து உயரம் இறங்கிவிடும். போல்ட்டைக் கையால் திருப்பிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் இரண்டு முறை ஆட்டி, எடை முழுதும் சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும்.

ஏலமலை
ஷாக் அப்சார்பரை மறந்துவிடாதீர்கள். புதுப் பட்டைக்குப் பழைய ஷாக் போட்டால் ஆக்சில் தொங்கும்போது ஷாக்தான் அதைப் பிடித்து நிறுத்தும். பட்டறைக்கல்லில் போடும் அடி மாதிரி ஒரு சத்தம் வரும். மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை மூன்று நிலைகளில் அளவு எடுக்க வேண்டும்: தொங்கும்போது, நிற்கும்போது, பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும்போது. தொங்கும் அளவைவிட ஷாக் விரிந்த நீளம் கூடுதலாகவும், இடிக்கும் அளவைவிடச் சுருங்கிய நீளம் குறைவாகவும் இருக்க வேண்டும். நீளமானது என்று மட்டும் பார்த்து வாங்கினால், சுருங்கும்போது பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக்கே இடித்து உடையும்.

ஆக்சில் தொங்கும் நிலையிலேயே பிரேக் ஹோஸையும் பாருங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ஹோஸ் இழுபடாமல் தொங்குகிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயும் அப்படியே. அது பிடுங்கிக்கொண்டால் ஓடையைக் கடக்கும்போது டிஃபரன்ஷியலுக்குள் தண்ணீர் போகும்.

சேற்றுக்குதிரை
சரி, ஐந்து அங்குலப் பேச்சை நான் விடுகிறேன். சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைத்துப் பாடியை மட்டும் தூக்குகிறார்களே, அதில் என்ன குறை?

பட்டறைவாசி
பெரிய டயருக்கு மட்கார்டில் இடம் கிடைக்கும். டிரான்ஸ்ஃபர் கேஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். இவருக்கு உரசுவது அந்த இடம்தான்.

காப்பிக்காடு
வேலை முடிந்தது. முன்னால் கம்பெனி அளவுச் செட், பின்னால் வளைவு சற்றுக் கூட்டிய செட், புது யூ போல்ட், புது புஷ். ஷாக் நான்கும் மூன்று அளவும் எடுத்த பிறகு வாங்கியவை. டயர் 215/75, மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான வகை. ஸ்டியரிங் நடு விலகியிருந்தது, டிராக் லிங்க்கைச் சற்றே நீட்டி நேராக்கினார்கள்.

வீல் நடுவிலிருந்து மட்கார்டு வரை முன்னால் இடதுபக்கம் 28 மி.மீ., வலதுபக்கம் 47 மி.மீ. கூடியிருக்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் ஐம்பதுக்கு மேல். டயரில் வந்த 18 தனி. நான் கேட்ட இரண்டு அங்குலம் லிஃப்ட் கிட் எதுவும் இல்லாமலே வந்துவிட்டது. உரமூட்டையோடு போனபோது மட்கார்டு தொடவில்லை. நடுமேட்டில் காப்புத் தகடு உரசும் சத்தம் இல்லை. பின் உருண்டை மட்டும் ஓரிடத்தில் தொட்டது.

ஒரு சந்தேகம் இருக்கிறது. ஐம்பதுக்கு மேல் போனால் வண்டியின் உள்தரையில் லேசான அதிர்வு வருகிறது. பின் ஷாஃப்டின் கோணம் கெட்டுவிட்டதா?

பட்டறைவாசி
அந்த உயரத்துக்குக் கோணம் கெடாது. டிரான்ஸ்ஃபர் கேசைப் பிடித்திருக்கும் மூன்று ரப்பர் மவுண்டையும் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள். ஜிப்ஸியில் கியர்பாக்ஸும் டிரான்ஸ்ஃபர் கேசும் தனித்தனி. நடுவில் ஒரு குட்டை ஷாஃப்ட் ஓடுகிறது. மவுண்ட் தளர்ந்தால் அந்தக் குட்டை ஷாஃப்ட்தான் முதலில் உதறும். பழி லிஃப்ட்மேல் விழும். அங்கே எதுவும் ஆடவில்லை என்றால் ஷாஃப்டின் கிராஸைக் கையால் முறுக்கிப் பாருங்கள்.

உருண்டை தொடும் அந்த ஓரிடத்தில் ஒரு பக்கத்துச் சக்கரத்தை மேட்டின் மேலேயே ஏற்றி ஓட்டுங்கள். அல்லது தடத்தில் நாலு கூடை சரளை கொட்டுங்கள்.

காப்பிக்காடு
மவுண்டில் ஒன்று கிழிந்து தொங்குகிறது. மாற்றச் சொல்லிவிட்டேன். யூ போல்ட்டை எப்போது மறுபடியும் இறுக்குவது?

பட்டறைவாசி
ஐந்நூறு கிலோமீட்டரில், வண்டி தரையில் நிற்கும்போது. அதற்குள் மலையில் நாலு நடை போய்விட்டால் முன்கூட்டியே செய்யுங்கள். நட்டுக்குக் கீழே நீண்டிருக்கும் மரையை இம்முறை அறுத்துக் குட்டையாக்கி, கிரீஸ் தடவிவிடுங்கள். கல் மழுக்கினால் அடுத்த தடவையும் ஸ்பானர் பிடிக்காது.